என் பெயர் தெரியாத சாட்சிகள்

முதலில் மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களில் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் எழுந்து பேசச் சொன்னால் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் ரோணியோ மெசினில் படியெடுக்கும் நமது தாளில் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். பூசைக்குத் தன் வீட்டைத் தரும் சபாபதி மாஸ்டர் விடவில்லை. "பேச வெக்கமெண்டால் எழுதித் தா பிள்ளை. எழுத்துப்பிழையை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அவர் திருத்திய பிறகுதான் இது உங்கள் கைக்கு வரும். அதற்குப் பிறகும் பிழை இருந்தால் அது என்னுடையது.

நடந்தது 1976ஆம் ஆண்டு. அதற்கு முன் இரண்டு வருடமாக இந்த நாட்டில் இருப்பதற்கு எனக்கு அனுமதி கிடையாது.

எப்படி அப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 1973இல் ஒரு டொக்டர் குடும்பத்தோடு மெல்பேர்ணுக்கு வந்தேன். அவர்களுடைய இரண்டு ஆண்பிள்ளைகளைப் பார்க்கவும் சமைக்கவும் என்னைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் டொக்டருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. எனக்குக் கொழும்புக்கு டிக்கெட் எடுத்துத் தந்தார்கள்.

அந்தச் சமயம் டொக்டர் குடும்பத்துக்குத் தெரிந்த, மெல்பேர்ணில் நோபல் பார்க் பக்கம் இருந்த வசந்திக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. அவளுடைய தாய் யாழ்ப்பாணத்தில் நோயாகக் கிடந்ததால் வர முடியவில்லை. வசந்தியின் கணவர் சிவநாதன் டொக்டர் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அன்ரி, ஒரு மாசம் மட்டும் நிண்டு குடுங்கோ. பத்தியம் வைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் இங்க ஆர் இருக்கினம்? எனக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது."

டொக்டரின் மனைவி சிரித்தா. "நில்லுங்கோ, பாவங்கள்" என்றா. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். நான் வசந்தி வீட்டுக்குப் போனேன். அவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். என்னுடைய பாஸ்போர்ட்டை எப்போதும் அந்த அம்மாதான் தங்களுடையவற்றோடு சேர்த்து வைத்திருப்பா. அதுவும் அவர்களுடைய பெட்டியோடு போய்விட்டது. அவவுக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பிறகு சிவநாதன் இங்கிலாந்து விலாசத்துக்கு எழுதினார். அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள். கடிதம் திரும்பி வந்தது.

வசந்திக்குக் கடினமான பிரசவம். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை பிடித்தது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து, தாயும் பிள்ளையும் தேறி, நான் நிமிர்ந்து பார்த்தபோது என் அனுமதி முடிந்திருந்தது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அப்படி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மதுரைக்காரி மீனாவுக்குப் பிள்ளை. அங்கேயும் போனேன். பிறகு இன்னொரு வீடு. பெருங்காயமும் மிளகும் எப்படியோ கிடைத்துவிடும். மற்றப் பத்தியச் சரக்குகளுக்கு யாராவது ஊரிலிருந்து வரவேண்டும். இருந்ததை வைத்துச் சமாளித்தேன். பிள்ளை பெற்ற வீடுகள் ஓய்ந்தபோது, வயோதிபர் விடுதி ஒன்றின் குசினியில் வேலை கிடைத்தது. பின்பக்கத்தில் ஒரு சின்ன அறையும் தந்தார்கள். அங்கே என் பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. முதல் நாளே தலைமைச் சமையல்காரி, "உன்னை மேரி என்று கூப்பிடுகிறேன்" என்றாள். நானும் சரி என்றேன். வேலைக்கு அனுமதி உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பயத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பல்வலி வந்தால் கிராம்பு கடித்துக்கொண்டு இருப்பேன், வைத்தியரிடம் போகமாட்டேன். யாராவது கதவைத் தட்டினால் அசையாமல் நிற்பேன். ஊரில் எனக்கு வீடு இல்லை. தாய் தகப்பன் இல்லை. முன்பு தம்பியின் வீட்டில் இருந்தேன். அவனுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இருந்த அறை இப்போது அவர்களுக்கு வேண்டும் என்று எழுதியிருந்தான். திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது.

1976 தொடக்கத்தில் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விட்டது. அனுமதி இல்லாமல் தங்கியிருப்பவர்கள் ஏப்ரல் முடிவதற்குள் தாங்களாக வந்து பதிந்தால், சுகமும் நடத்தையும் நல்லதாக இருந்தால், தொடர்ந்து இருக்கலாம். 1975 முடிய முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். இதுதான் சங்கதி என்று சிவநாதன் பத்திரிகையைப் பார்த்து எனக்கு விளங்கப்படுத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் வீட்டுக் கராஜில் பூசை முடிந்ததும் இதே பேச்சுத்தான். நான் குசினியில் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"இது பொறி" என்றார் மாஸ்டர். "எலிக்குத் தேங்காய்ச் சொட்டு வைக்கிற மாதிரி. போனால் பிடிச்சு பிளேனில ஏத்திப்போடுவாங்கள்."

"மாஸ்டர், நீங்க எல்லாத்தையும் பொறின்னுதான் சொல்வீங்க" என்றாள் மீனா. "போன வாரம் துணிக்கடைல தள்ளுபடின்னு போட்டதையும் பொறின்னீங்க."

"அது பொறிதான். மூண்டு சோடி காலுறை வாங்கினனான், ஒண்டுக்குள்ளயும் கால் நுழையேல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகாவிட்டால் சாகும்வரை மேரியாக ஒளித்திருக்க வேண்டும். போய் அவர்கள் நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டில் ஒன்று.

என் அறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், அம்மாள் என்று நான் கும்பிடுகிற அம்மனின் படம் ஒன்று ஒட்டியிருந்தேன். பழைய கலண்டரில் வெட்டியது. விடுதியில் நெருப்புக் கொளுத்தக் கூடாது என்பது சட்டம். அதனால் விளக்கு இல்லை, கற்பூரமும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக் கும்பிடுவேன், கும்பிட்டபின் மூடிவிடுவேன். ஒரு மாதத்துக்கு மேல் இதையே கேட்டேன்: போகவா, விடவா? பதில் ஒன்றும் வரவில்லை. கனவும் காணவில்லை. ஒருநாள் காலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, போகலாம் என்று பட்டது. அவ்வளவுதான். அதை அம்மாள் சொன்னா என்று அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

ஏப்ரல் நடுப்பகுதி தாண்டி, சிவநாதன் வேலைக்கு லீவு போட்டு என்னை நகரத்துக்குக் கூட்டிப் போனார். ரெயிலில் போனோம். குடிவரவுக் கந்தோரில் சனம் நிறைந்திருந்தது. எல்லா நிறத்து மனிதரும் இருந்தார்கள். எல்லாருடைய முகமும் ஒன்றுபோல இருந்தது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டு, பெயர் எழுதச் சொன்னாள். என் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பள்ளிக்கூடத்தில் பழகியிருந்தேன். எழுதினேன். வேலை செய்யும் இடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாள். சாட்சி யார் என்று கேட்டாள். தூரத்தில் இருந்த சிவநாதனைக் காட்டினேன்.

எங்களை விசாரித்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பளிச் சட்டையின் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருந்தார். சிவநாதனை மட்டும் முதலில் அறைக்குள் கூப்பிட்டார். கதவில் கண்ணாடி இருந்தது. சிவநாதன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பதைக் கண்டேன். பிறகு கழுத்தைத் துடைத்தார். அதிகாரி தொலைபேசியில் யாரோடோ கதைத்தார். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி சத்தம் போடவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்திச் சொன்னார். சிவநாதன் தமிழில் சொன்னார்.

"இந்தப் பெயரில் ஒரு பெண் 1973இல் வந்ததாக எங்களிடம் பதிவு இருக்கிறது. அந்தப் பெண் நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட் இல்லை என்கிறீர்கள். உங்களை இரண்டு வருடத்துக்கு மேலாகத் தெரியும் என்று வந்திருப்பவருக்கு உங்கள் பெயர் தெரியாது. வேலை செய்யும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்கிறார்கள்."

பிறகு என் பெயரை வாசித்தார். அப்போதுதான் முதல் தடவையாக என் பெயர் சிவநாதனின் காதில் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

என்னைத் தெரிந்த வேறு ஆட்களைக் கொண்டு அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார் அதிகாரி. அதற்குப் பிறகு தவணை முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும் ரெயிலில் சிவநாதன் அழாத குறை.

"என்ர பிள்ளையைக் குளிப்பாட்டி வளத்த ஆள் நீங்கள். அவர், உனக்கு என்ன முறை எண்டு கேட்டார். அன்ரி எண்டன். தகப்பன்ர சகோதரியோ எண்டார். இல்லை எண்டன். தாயின்ர சகோதரியோ எண்டார். இல்லை, சொந்தமே இல்லை எண்டன். அப்ப பேர் என்ன எண்டார். எனக்கு உலகம் சுத்திச்சுது. உங்கட ஊர் சொன்னன். உங்கட ஐயா கூட்டுறவுச் சங்கக்கடையில வேலைக்கு நிண்டவர் எண்டதும் சொன்னன். பேர் வரேல்லை. வராமல் என்ன, தெரியவே தெரியாது!"

"நான் சொல்லேல்லைத்தானே தம்பி" என்றேன்.

"நாங்கள் கேக்கேல்லையே அன்ரி."

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஆட்கள் ஒருவரைக் கண்டால் எந்த ஊர் என்று கேட்பார்கள். யாருடைய மகள் என்று கேட்பார்கள். எந்தப் பக்கத்தில் சம்பந்தம் என்று கேட்பார்கள். அதற்குள் ஒரு முறை வந்துவிடும், அக்காவோ மாமியோ அன்ரியோ. பிறகு பெயருக்கு என்ன வேலை? நானும் அவர்களில் பாதிப் பேரைப் பிள்ளை, தம்பி என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு சிவநாதன் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "உங்களில ஆருக்காவது அன்ரியின்ர பேர் தெரியுமோ?" என்று கேட்டார்.

வசந்தி புருஷனைப் பார்த்தாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீனாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, என் புள்ளைக்கு முதல் முதல்ல தண்ணி ஊத்தினது நீங்க. ஆமா, உங்க பேரு எனக்குத் தெரியாது! நான் என்ன பொம்பளை!"

"இரண்டு வருசமாய் என்ர வீட்டுக் குசினியில மோதகம் அவிக்கிற பிள்ளை" என்றார் மாஸ்டர். "ஆயிரம் பேரைப் பள்ளிக்கூடத்தில இடாப்பைப் பாத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டனான். இதைக் கேக்கத் தோணேல்லை."

சிவநாதன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "நடந்தது நடந்துது. இப்ப எனக்குப் பேர் தெரியும். எல்லாருக்கும் சொல்லித் தாறன், பாடமாக்குங்கோ. புதன்கிழமை எல்லாருமாய்ப் போவம்."

நான் குசினி வாசலில் நின்றேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் தம்பி."

"ஏன் அன்ரி?"

"அம்மாளின்ர படத்துக்கு முன்னால இருந்து பாடமாக்கிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்லவேண்டாம். எனக்கு அது மனசுக்குச் சரியாய்ப் படேல்லை. இவ்வளவு நாளும் என்னை எப்பிடித் தெரியுமோ, அப்பிடியே வந்து சொல்லுங்கோ."

"பேரைச் சொல்லாட்டி நம்பமாட்டினம் அன்ரி. உங்களைத்தான் ஏத்துவினம், எங்களை இல்லை."

"ஓம், தெரியும்."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "அவ சொல்லிறது சரி. சிவநாதன், நீ வாயைப் பூட்டு. பெண்சாதிக்கும் சொல்லாதை" என்றார். பொறி என்று சொன்ன மனிதர் தானும் வருவதாகச் சொன்னார்.

"பேரே தெரியாத ஆளுக்குச் சாட்சி சொல்ல இத்தனை பேரு போறோம்" என்றாள் மீனா. "கொட்டகைல போட்டா நல்லா ஓடும்."

சிவநாதன் கடைசிவரை வசந்திக்கும் சொல்லவில்லை. இதில் நடந்த பெரிய அதிசயம் அதுதான் என்று மீனா இன்றைக்கும் பகிடி பண்ணுகிறாள்.

அந்த இரவு எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. எதற்கு வாய் திறந்தேன்? ஒரு பெயர்தானே. என் சொந்தப் பெயர். அதைச் சொல்லிக் கொடுத்தால் என்ன பாவம்? அலுமாரிக் கதவைத் திறந்து அம்மாளைப் பார்த்தேன். அவவுக்கும் பெயர்கள் ஆயிரம் இருக்கின்றன. நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறா என்றுதான் நம்பியிருக்கிறேன்.

புதன்கிழமை வரை ஒன்றே ஒன்றைத்தான் வேண்டினேன். "யாராவது ஒருவர் வாயில் என் பெயரை வைத்துவிடு. ஒருவர் போதும். எப்போதோ கேட்டு மறந்தவர் யாராவது இருப்பார். அவருக்கு அதை ஞாபகப்படுத்து." வேறு ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஒருபொழுது இருந்தேன்.

புதன்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். மாஸ்டர் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி வந்திருந்தார். வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மீனா நல்ல சேலை உடுத்திருந்தாள். மற்றவர்கள் நான் சமைக்கப் போன வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் வெளியே வந்து மற்றவர்களோடு பேசக்கூடாது என்று வேறு பக்கத்தில் இருத்தினார்கள். போன கிழமையே சாட்சி சொல்லிவிட்ட சிவநாதனுக்கு உள்ளே போக இடமில்லை. அவர் என் பக்கத்தில் இருந்தார்.

ஒருவர் போய் வருவதற்கு நெடுநேரம் எடுத்தது. நான் வந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். வசந்தி வரும்போதே கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இல்லை என்று விளங்கிக்கொண்டேன். அடுத்தவரும் அப்படித்தான். அடுத்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாஸ்டர் போனார். அவரில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, வாத்தியார் அல்லவா. வெளியே வந்தபோது தலை குனிந்திருந்தது. கடைசியாக மீனா. அவளும் கையை விரித்தாள்.

அம்மாள் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அழுகை வரவில்லை. என் அறையில் இருக்கும் சாமான்கள் ஒரு பெட்டிக்குள் அடங்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடங்கும்.

என்னைக் கூப்பிட்டார்கள். சிவநாதனையும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அதிகாரி தாள்களை அடுக்கி வைத்துவிட்டு மூக்குத்தண்டைத் தடவிக்கொண்டார். களைத்திருந்தார். அவர் சொன்னதை எனக்கு ஞாபகம் உள்ளபடி எழுதுகிறேன்.

"எட்டுப் பேர் வந்தார்கள். சிலர் அன்ரி என்றார்கள். ஒருவர் அக்கா என்றார். அந்த வயதானவர் பிள்ளை என்றார். நான் மகள் என்று எழுதிவிட்டேன், பிறகு இல்லை என்றார், வெட்டினேன். எட்டுப் பேரில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது."

சிவநாதன் இதை என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"இந்த மாதம் முழுக்க இந்தக் கதிரையில் சாட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் அதிகாரி. "சிலர் பெயரும் பிறந்த திகதியும் தடங்கல் இல்லாமல் சொல்வார்கள். வேறு எதையும் கேட்டால் ஒன்றும் தெரியாது. போன கிழமை உங்கள் பெயர் தெரியாததால் பிரச்சினை வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். பெயரைச் சொல்லிக் கொடுக்க ஒரு கிழமை இருந்தது. ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் அவர்கள் சொன்ன மற்றதை நம்புகிறேன்."

பிறகு தாள்களைப் புரட்டினார். நான் டொக்டர் குடும்பத்தோடு வந்ததை எட்டுப் பேரும் சொல்லியிருந்தார்கள். டொக்டரின் பெயரைச் சொன்னார்கள். இரண்டு ஆண்பிள்ளைகள், மூத்தவன் விமானத்தில் வயிற்றைப் பிரட்டி ஓயாமல் சத்தி எடுத்தவன் என்றும் சிலர் சொன்னார்கள். அதெல்லாம் நான் பத்தியக்கறிக்கு உள்ளி உரிக்கும்போது சொன்ன கதைகள். செவ்வாயில் நான் ஒருபொழுது இருப்பது, பூசணிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாதது, எல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. டொக்டர் குடும்பம் வந்த அதே விமானத்தில், அவர்களுடைய வீட்டு உதவிக்கு என்று ஒரு பெண் வந்ததாகக் கந்தோர்ப் பதிவிலும் இருந்ததாம். விடுதிக்கு மறுபடி தொலைபேசி எடுத்து, இலங்கையிலிருந்து வந்த சமையல்காரி யாராவது இருக்கிறாளா என்று கேட்டாராம். "அட, நம்ம மேரியா?" என்றார்களாம்.

"இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்றார் என்னைப் பார்த்து. "உங்கள் பெயர் என்ன?"

என் வாயால் என் பெயரைச் சொல்லி வெகுகாலம்.

"கதிரவேலு அன்னபாக்கியம்" என்றேன்.

அவர் பதிவைப் பார்த்தார். தலையாட்டினார். விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், வைத்தியர் பார்க்க வேண்டும், அதில் குறை இல்லாவிட்டால் இருக்கலாம் என்றார். குறை இருக்கவில்லை. ஆவணி மாதத்தில் எல்லாம் உறுதியாயிற்று.

வெளியே வந்ததும் மீனா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, நீங்க குறட்டை விடுறதைக்கூடச் சொல்லிட்டேன். கோச்சுக்காதீங்க. அந்த ஆளு என்ன கேட்டாலும் தெரிஞ்சதையெல்லாம் சொன்னேன்."

"அதையும் எழுதினவரோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"எழுதினாரு மாஸ்டர். ரெண்டு வரி."

பிறகு எல்லாரும் என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். வசந்தி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேர் அன்ரி" என்றாள்.

இதுதான் நடந்தது. இதில் கடவுள் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் வேண்டியதை அம்மாள் தரவில்லை. ஒருவர் வாயில் என் பெயரை வை என்று கேட்டேன். எட்டுப் பேரில் ஒருவர் வாயிலும் அவ வைக்கவில்லை. எட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், பாடமாக்கி வந்த ஆள் என்று அவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று சிவநாதன் பிறகு சொன்னார். நான் எதை வேண்டுமென்று அழுதேனோ, அதைத் தராமல் விட்டுத்தான் என்னைக் காப்பாற்றினா. வேண்டாம் தம்பி என்று அன்றைக்குச் சொன்னதும் என் புத்தி இல்லை. எனக்கு அவ்வளவு துணிவு கிடையாது.

இப்போது விடுதியில் சொந்தப் பெயரில் வேலை செய்கிறேன். சட்டையில் பெயர் குத்தித் தந்திருக்கிறார்கள். பாதி எழுத்துத்தான் அதில் அடங்கியது. சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். பல்லையும் வைத்தியரிடம் காட்டி, இரண்டைப் பிடுங்கியாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் குசினியில்தான் நிற்கிறேன், அது எனக்குப் பிடித்த இடம். ஆனால் புதிதாக யாராவது பூசைக்கு வந்தால், ஊரைக் கேட்கும் முன் பெயரைக் கேட்கிறேன். சிலருக்கு இது விசித்திரமாக இருக்கிறது. இருக்கட்டும்.

இந்தத் தாளை வாசிப்பவர்களில், நான் இருந்தது போல இருப்பவர்கள் இருக்கக்கூடும். யார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கேட்டது வரவில்லையே என்று கும்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள். வராததும் அவ தந்ததாக இருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் குசினிப் பக்கம் வாருங்கள். கூட வருகிறேன். எனக்கு இப்போது அந்தக் கந்தோருக்குப் போகும் வழி நன்றாகத் தெரியும்.

இன்னும் ஒன்று மட்டும். எட்டுப் பேர் சாட்சி சொன்னதற்கு மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானம் வேலை முடிந்து தபால் கந்தோருக்கு நடந்து போனேன். அந்தத் தெருவில் பொலிஸ் நிலையம் இருக்கிறது, முன்பெல்லாம் சுற்றுவழியால்தான் போவேன். வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்று, எனக்கு வணக்கம் சொன்னார். நானும் தலையாட்டினேன். தம்பிக்குக் கடிதம் போட ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு அதே வழியால் திரும்பி வந்தேன்.